சதுரங்கப்பட்டினம் முதல் கடலூர் வரை: 5 கடற்போர்களை ஒரு மேசையில் ஆடிப் பார்ப்பது எப்படி?

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது குடிபாலா. ஆந்திராவின் எல்லை மண்டலம். தெலுங்கும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கும் இடம். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் 100 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும்.

ஆனால், 1782-ல் இந்தப் பக்கம் முகாம் போட்டிருந்த ஹைதர் அலியின் படை, கடல் பக்கமிருந்து வரும் செய்திக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 7-ம் தேதி, சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் இறந்தார். அதற்கு முந்தைய பத்து மாதங்களில் நம் கடற்கரையிலும் இலங்கைக் கடலிலுமாக நான்கு பெரிய கடற்போர்கள் நடந்திருந்தன. ஐந்தாவது போர் அடுத்த ஆண்டு கடலூரில் நடந்தது. ஐந்திலும் மோதிக்கொண்டவர்கள் அதே இரண்டு தளபதிகள்: பிரிட்டனின் எட்வர்ட் ஹியூஸ், பிரான்சின் சுஃப்ரேன்.

ஐந்து போர்கள். இரண்டு பக்கமும் ஒரு போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. ஏன்?

புத்தகத்தில் படித்தால் இதற்குப் பதில் அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. ஒரு மேசை, சில பொம்மைக் கப்பல்கள், ரெண்டு பகடை இருந்தால் ஒரு சாயங்காலத்தில் புரிந்துவிடும். பாய்மரக் காலக் கடற்போரை மேசையில் ஆடும் அந்த விளையாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இது என்ன விளையாட்டு?

விரல் நீளப் போர்க்கப்பல் மாதிரிகளை மேசைமேல் வைத்து, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுடும் விளையாட்டு. சதுரங்கம் மாதிரி கட்டங்கள் கிடையாது. நீல நிறத் துணியோ சார்ட் பேப்பரோதான் கடல். கப்பல் எந்தக் கோணத்தில் திரும்புகிறது, எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்பதுதான் கணக்கு.

கடைகளில் விற்கும் சில பிரபலமான ஆட்டங்கள் உண்டு. 1970-களில் வந்த 'உடன் ஷிப்ஸ் அண்ட் அயர்ன் மென்' அட்டை வில்லைகளை வைத்து அறுகோணக் கட்டங்களில் ஆடுவது. 2013-ல் இத்தாலியின் ஏரஸ் கேம்ஸ் வெளியிட்ட 'செய்ல்ஸ் ஆஃப் குளோரி'யில், வண்ணம் பூசிய கப்பல்களே பெட்டிக்குள் வரும். நகர்வுக்குச் சீட்டுகள் உண்டு. 2019-ல் பிரிட்டனின் வார்லார்ட் கேம்ஸ் கொண்டுவந்த 'பிளாக் சீஸ்' ஆட்டத்தில் பிளாஸ்டிக் கப்பல்களை நீங்களே ஒட்டி, பெயின்ட் அடித்து, நூலால் பாய்க்கயிறு கட்ட வேண்டும். பலருக்கு ஆட்டத்தைவிட அந்த வேலைதான் பிடிக்கும்.

யோசனை இதையெல்லாம்விடப் பழசு. 18-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிளார்க் என்பவர், சின்னச் சின்ன மாதிரிக் கப்பல்களை மேசைமேல் நகர்த்திப் பார்த்தே கடற்போர் உத்திகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கடற்படைக்காரர் இல்லை, வியாபாரி. அந்த நூலின் முதல் பகுதி தனிச்சுற்றுக்காக அச்சான ஆண்டு 1782. அதாவது, இங்கே ஹியூஸும் சுஃப்ரேனும் நிஜமாகவே மோதிக்கொண்டிருந்த அதே வருஷம்.

முதல் ஆட்டக்காரர் காற்றுதான்

இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் எண்ணுவது பீரங்கியைத்தான். யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் ஜெயிப்பார் என்று நினைப்பார்கள். ரெண்டு சுற்று ஆடியதும் அந்த நினைப்பு போய்விடும்.

அந்தக் காலப் போர்க்கப்பலின் பாய்கள் குறுக்குவாட்டில் கட்டப்பட்டவை. காற்று வரும் திசைக்கு நேராக அது போகவே முடியாது. காற்றின் திசைக்கு ஏறத்தாழ 67 டிகிரி விலகித்தான் போக முடியும். காற்று எதிரே இருக்கும் இடத்தை அடைய, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்து மணிக்கணக்கில் ஏற வேண்டும்.

இன்னொரு விஷயம்: காற்று நேர் பின்னாலிருந்து அடித்தால்தான் வேகம் அதிகம் என்று தோன்றும். அப்படி இல்லை. பின்பாய் முன்பாயை மறைத்துவிடும். பின்னால் சற்றுச் சாய்வாக அடிக்கும் காற்றில்தான் எல்லாப் பாயும் நிரம்பும்.

ஆகவே மேசையில் முதலில் வைக்க வேண்டியது கப்பலை இல்லை, காற்றுத் திசை காட்டும் ஒரு அம்புக்குறியை. காற்று வரும் பக்கம் நிற்கும் அணிக்கு 'எப்போது சண்டை' என்று தீர்மானிக்கும் உரிமை கிடைக்கும். நினைத்தால் இறங்கி வந்து மோதலாம், வேண்டாமென்றால் தள்ளியே நிற்கலாம். எதிர்ப்பக்கம் நிற்கும் அணிக்கும் ஒரு சலுகை உண்டு: அடி வாங்கிய கப்பல் காற்றோடு சேர்ந்து நழுவித் தப்பித்துவிடலாம்.

நம் கடற்கரை மீனவர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருப்பதே அதனால்தான். தென்மேற்குப் பருவத்தில் சோழமண்டலக் கரையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அப்போது கரையை ஒட்டி நிற்பவருக்கே சாதகம். மதியம் கடல்காற்று எழுந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகும்.

சுடுவதிலும் ஒரு கணக்கு

பீரங்கிகள் கப்பலின் இரண்டு பக்கவாட்டிலும்தான் இருந்தன. முன்னாலும் பின்னாலும் மிகக் குறைவு. அதனால் எதிரியை நோக்கி நேராகப் போகும் கப்பலால் திருப்பிச் சுட முடியாது. வாங்கிக்கொண்டேதான் போக வேண்டும்.

கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றதற்கும் காரணம் இதுதான். வரிசை கட்டினால் எல்லாப் பீரங்கியும் ஒரே பக்கம் பார்க்கும். ஒவ்வொரு கப்பலின் பலவீனமான முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அடுத்த கப்பல் மறைத்துக்கொள்ளும். வரிசை உடைந்தால், எதிரி பின்பக்கம் புகுந்து குண்டை நீளவாக்கில் ஓடவிடுவான். அந்த ஒரு சுடுதலில் போகும் உயிர்கள் அதிகம். பல விளையாட்டு விதிகளில் இதற்குக் கூடுதல் சேதம் போட்டிருப்பார்கள்.

சண்டை ஏன் இங்கே நடந்தது?

1780-ல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். ஆங்கிலேயப் படைக்குச் சாப்பாடும் ஆளும் கடல் வழியாக வந்தன. அந்த வழியை மூடினால் சென்னை தாங்காது என்று ஹைதருக்குத் தெரியும். அவரிடம் அதற்கான கப்பல்கள் இல்லை, பிரான்சிடம் இருந்தன.

1781 பிப்ரவரியில் ஒரு வாய்ப்பு வந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் கடலூரில் உணவில்லாமல் மாட்டியிருந்தார். பிரெஞ்சுக் கடற்படை கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஹைதர் இருக்கச் சொல்லிக் கேட்டும், பிரெஞ்சுத் தளபதி தோர்வ் புறப்பட்டுப் போய்விட்டார். கூட் பிழைத்தார். ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார்.

அடுத்த ஆண்டு வந்த சுஃப்ரேன் வேறு ரகம். 1782 ஜூலைக் கடைசியில் ஹைதர், சுஃப்ரேனைச் சந்திக்கவே கடலூர்ப் பக்கம் வந்தார்.

ஐந்து போர்கள், ஐந்து ஆட்டங்கள்

*1. சதுரங்கப்பட்டினம், 17 பிப்ரவரி 1782.* கல்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர். ஹியூஸிடம் 9 கப்பல், சுஃப்ரேனிடம் 12. காற்று சுஃப்ரேன் பக்கம். ஹியூஸின் வரிசையில் பின்பாதியை மட்டும் குறிவைத்து, அதை இரண்டு பக்கமும் சூழ்ந்து நசுக்குவதே அவர் திட்டம். ஆனால், பின்னால் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் பல நெருங்கவே இல்லை. 'எக்ஸெட்டர்' கப்பலும் ஹியூஸின் 'சூப்பர்ப்' கப்பலும் பலத்த அடி வாங்கின. சாயங்காலம் காற்று மாறியது, இருட்டியது, சண்டை நின்றது.

*2. ப்ரொவிடியன், 12 ஏப்ரல் 1782.* இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு பாறைத் தீவுக்கு அருகே. 11-க்கு 12. கரைக்கும் எதிரிக்கும் நடுவில் ஹியூஸ் சிக்கினார். 'மான்மவுத்' தன் மூன்று பாய்மரங்களில் இரண்டை இழந்தது. நகர இடமில்லாத மேசை எப்படி இருக்கும் என்று தெரிய இந்த ஆட்டத்தை ஆட வேண்டும்.

*3. நாகப்பட்டினம், 6 ஜூலை 1782.* 11-க்கு 11. இந்த முறை காற்று ஹியூஸ் பக்கம். மதியம் ஒரு மணி வாக்கில் காற்று திடீரென்று தென்கிழக்குப் பக்கம் திரும்ப, இரண்டு வரிசையும் குலைந்தன. 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் கொடியை இறக்கினார். கீழே இருந்த அதிகாரிகள் அதை ஏற்காமல் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

*4. திருகோணமலை, 3 செப்டம்பர் 1782.* ஹியூஸ் வந்து சேர்வதற்குள் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிவிட்டது. 12-க்கு 14. சுஃப்ரேனின் அணி ஒழுங்காக வரிசைக்கு வரவில்லை. அவருடைய 'எரோ' கப்பலின் நடுப் பாய்மரம் சாய்ந்தது.

*5. கடலூர், 20 ஜூன் 1783.* 18-க்கு 15. ஆங்கிலேயர் பக்கம் கப்பல் அதிகம், காற்று சுஃப்ரேன் பக்கம். ஏறக்குறைய மூன்று மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் படை கடல் துணை இல்லாமல் நின்றது.

அப்போ, ஏன் யாரும் ஜெயிக்கவில்லை?

மேசையில் இந்தப் போர்களை ஆடினால் மூன்று காரணங்கள் கண்ணில் படும்.

முதலாவது, காற்று. ஒரு மணி நேரம் பாடுபட்டு அமைத்த வரிசையைக் காற்றின் ஒரு திருப்பம் கலைத்துப் போடும்.

இரண்டாவது, கட்டளை. தளபதி சொல்வதெல்லாம் கொடி அசைவில் போக வேண்டும். புகைமூட்டத்தில் கொடி தெரியாது. தெரிந்தாலும், கேப்டனுக்குப் புரிய வேண்டும். புரிந்தாலும், அவர் செய்ய வேண்டும். சுஃப்ரேனின் திட்டங்கள் அந்தக் காலப் பழக்கத்துக்கு மாறானவை. அவருடைய கேப்டன்கள் பலருக்கு அவை பழகவில்லை, சிலருக்குப் பிடிக்கவும் இல்லை. திருகோணமலைப் போருக்குப் பிறகு சிலர் பொறுப்பைவிட்டு மொரீஷியஸுக்கே போய்விட்டார்கள். புதிய முறையைத் தன் டீமுக்கு விளக்காமல் நேராக வேலையில் இறக்கிய மேனேஜர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கஷ்டம் புரியும்.

மூன்றாவது, அடிப்பலகை. மரக் கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். செம்புத் தகடு அடித்தால் ஒட்டாது. சுஃப்ரேனின் கப்பல்களில் சிலவற்றுக்குத்தான் தகடு இருந்தது. சில வேகமாகப் போகும், சில பின்தங்கும். வரிசை எப்படி நிற்கும்?

நல்ல விதிப்புத்தகம் என்பது இந்த மூன்றையும் ஆட்டத்துக்குள் கொண்டுவருவது. பீரங்கி எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் அது வெறும் பகடை உருட்டல்.

வீட்டில் ஆட என்ன வேண்டும்?

காசு செலவழித்துத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. தீப்பெட்டியில் ஒரு பக்கம் அம்புக்குறி வரைந்தால் கப்பல். கூடவே ஸ்கேல், கோணமானி, பகடை, பேப்பர், பேனா. மேசை இல்லையென்றால் தரை போதும். ஆளுக்கு மூன்று கப்பலோடு கீழே உள்ள எளிய விதிகளில் ஆடிப் பாருங்கள்.

- *கட்டளை:* ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கப்பலின் நகர்வையும் இருவரும் ரகசியமாக எழுத வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். எதிரி நகர்ந்ததைப் பார்த்துவிட்டு மாற்றக் கூடாது.
- *நகர்வு:* காற்று வரும் திசையிலிருந்து 60 டிகிரிக்குள் போக முடியாது. 60 முதல் 90 டிகிரி என்றால் 6 செ.மீ, 90 முதல் 150 வரை 12 செ.மீ, அதற்கு மேல், அதாவது காற்று நேர் பின்னால், 9 செ.மீ. ஒரு சுற்றில் 45 டிகிரிக்கு மேல் திரும்பக் கூடாது.
- *காற்றைக் குறுக்கே கடந்து திரும்புவது:* ஒரு பகடை போடுங்கள். 4-க்குக் குறைந்தால் கப்பல் அந்தச் சுற்று அப்படியே நிற்கும். கடந்தால் மறுபக்கம் 60 டிகிரியில் வைக்கலாம்.
- *சுடுதல்:* பக்கவாட்டில் மட்டும். 10 செ.மீ-க்குள் 3 பகடை, 20-க்குள் 2, 30-க்குள் 1. ஒவ்வொரு 5-ம் 6-ம் ஓர் அடி. சுடும் முன்பே உடலுக்கா, பாய்க்கா என்று சொல்லிவிட வேண்டும். எதிரியின் முன்பக்கமோ பின்பக்கமோ உங்கள் பக்கவாட்டுக்கு நேராக இருந்தால் அடி இரட்டிப்பு.
- *சேதம்:* ஒரு கப்பலுக்கு உடல் 6, பாய் 4. பாயில் 2 போனால் வேகம் பாதி. 4-ம் போனால் காற்றோடு 3 செ.மீ மிதந்து போகும், அவ்வளவுதான். உடல் 6-ம் போனால் கொடி இறக்க வேண்டும்.
- *காற்று:* ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு பகடை. கூட்டுத்தொகை 12 வந்தால் காற்று கடிகாரத் திசையில் 45 டிகிரி மாறும். 2 வந்தால் எதிர்த் திசையில்.

கடைசி விதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு சுற்றில் காற்று மாற 18-ல் 1 வாய்ப்புதான். ஆனால் 12 சுற்று ஆடினால், ஒரு தடவையாவது மாறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. இப்போ வராது என்று துணிந்தால் மாட்டிக்கொள்வீர்கள், வரும் என்று பயந்தே இருந்தால் நகரவே மாட்டீர்கள்.

மூன்று நான்கு பேர் ஒரே அணியில் இருந்தால் ஆளுக்கு ஒரு கப்பல் கொடுத்து, ஆட்டம் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிடுங்கள். தளபதி சுற்றுக்கு ஒரே ஒரு துண்டுச் சீட்டு அனுப்பலாம். அது போய்ச் சேர ஒரு பகடை: 1 அல்லது 2 வந்தால் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். சுஃப்ரேனின் எரிச்சல் அப்போது தெரியும்.

மேசையில் தெரியாதவை

விளையாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது காட்டாத பக்கம் ஒன்று உண்டு.

பொம்மைக் கப்பலில் ஆட்கள் இல்லை. நிஜத்தில் 74 பீரங்கிக் கப்பல் ஒன்றில் 600 முதல் 700 பேர் இருப்பார்கள். 1783 கடலூர்ப் போரின்போது ஹியூஸின் மாலுமிகள் நிறையப் பேர் ஸ்கர்வி நோயில் கிடந்தார்கள், குடிநீரும் தட்டுப்பாடு. அவர் சென்னைக்குத் திரும்பியதற்கு அது பெரிய காரணம். கடலூருக்கு முன் சுஃப்ரேன் ஆள் பற்றாமல் கரைப் படையிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டார். அவர்களில் இந்திய சிப்பாய்களும் உண்டு. அவர்கள் பெயர்கள் எந்த விதிப்புத்தகத்திலும் வராது. சுஃப்ரேன் பிடித்த ஆங்கிலக் கைதிகள் ஹைதரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்த முடிவு அப்போதே கண்டனத்துக்கு ஆளானது.

துறைமுகமும் மேசைக்கு வெளியேதான் இருக்கிறது. அந்தக் காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். வடகிழக்குப் பருவம் வந்தால் அங்கே நிற்க முடியாது. திருகோணமலை கையைவிட்டுப் போனதால் ஹியூஸ் பழுதுபார்க்க பம்பாய் வரை போக வேண்டியிருந்தது. 1782 அக்டோபர் 15-ல் அடித்த புயலில் சென்னைக் கரையோரம் அரிசிக் கப்பல்கள் நொறுங்கின. போரால் ஊரைவிட்டு ஓடி வந்தவர்களால் நிரம்பியிருந்த நகரத்தில் பசி தலைவிரித்தாடியது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் கடல் கருணை காட்டவில்லை. ஐந்து போர்களில் இழக்காத கப்பலை அவர்கள் கரையோரத்தில் இழந்தார்கள்: 'ஓரியான்' திருகோணமலைக்குத் திரும்பும்போதும், 'பிஸார்' கடலூர்க் கரையிலும் உடைந்தன.

இதையும் ஆட்டத்தில் சேர்க்க ஆசைப்படுபவர்கள் ஐந்து போரையும் ஒரே தொடராக ஆடுவார்கள். ஒரு போரில் ஒடிந்த பாய்மரம் அடுத்த போரிலும் ஒடிந்தே இருக்கும், உங்களிடம் ஒரு துறைமுகம் இல்லாவிட்டால். அப்படி ஆடும்போது, கப்பலைப் பிடிப்பதைவிடத் திருகோணமலையைப் பிடிப்பதே பெரிய வெற்றி என்று தானாகவே புரியும்.

கடைசியில் என்ன ஆனது?

கடலூர்ப் போர் நடந்தது 1783 ஜூன் 20. பிரிட்டனும் பிரான்சும் முதற்கட்ட சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20. சரியாக ஐந்து மாதம் முன்பே சண்டை முடிந்திருந்தது. அந்தச் செய்தியும் காற்றை நம்பிய கப்பலில்தான் வர வேண்டும். கடலூருக்கு அது வந்து சேர்ந்தபோது ஜூன் 29.

சுஃப்ரேன் ஊருக்குத் திரும்பினார். கடல் துணைக்காகக் காத்திருந்த ஹைதர் அதற்குள் இறந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் மகன் திப்பு 1784 மார்ச் 11-ல் மங்களூர் ஒப்பந்தம் போடும்வரை தனியாகப் போரைத் தொடர்ந்தார்.

கடலூர்ப் போரை மேசையில் ஆடுபவர்கள் பெரும்பாலும் சுஃப்ரேன் பக்கத்தைத்தான் கேட்டு வாங்குவார்கள். ஜெயிக்கவும் செய்யலாம். தொடங்கும் முன் அந்த ரெண்டு தேதிகளையும் ஒரு சீட்டில் எழுதி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ஆடிப் பாருங்கள்.